மலர் வைத்த பதினாறு டிகிரி

மலர் ஒரு நாளைக்கு மூவாயிரம் முட்டை உடைப்பார். உடைப்பதோடு விடாமல் வெள்ளையை ஒரு வாளியிலும் மஞ்சளை இன்னொரு வாளியிலும் பிரித்துவிடுவார். தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள ஒரு கேக் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக இதுதான் அவர் வேலை. அந்தத் தொழிற்சாலைக்கு வாரத்தில் மூன்று நாள் முட்டை ஏற்றிப் போகிறவன் நான். என் பெயர் சபாபதி. மேருவுக்கு அப்பால் இருக்கும் ஒரு கோழிப்பண்ணையில் லோரி ஓட்டுகிறேன்.

மலர் கேரி தீவில் பிறந்தவர். அப்பா நாகையா, செம்பனைக் குலை வெட்டியவர். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய மலருக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. இன்றும் தீவிலிருந்துதான் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருகிறார். அவர் உடைப்பதைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே, முட்டையைப் பார்க்காமலே, விளிம்பில் ஒரு தட்டு. ஓடு இரண்டாகும். வெள்ளை விரல் இடுக்கில் இறங்கும். மஞ்சள் உள்ளங்கையில் பந்து போல் உட்கார்ந்திருக்கும்.

அந்தத் தொழிற்சாலைக்குப் பெயர் வாங்கித் தந்தது பாண்டான் இலை மணக்கும் ஷிஃபான் கேக். வெள்ளையைத் தனியாக நுரை பொங்க அடித்துச் செய்வது. அதில் மஞ்சள் ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை நிற்காது. நுரை நிற்காவிட்டால் கேக் அடுப்பிலிருந்து வந்ததும் நடுவில் குழிந்துவிடும். ஆகவே மலரின் கை பிசகினால் மொத்தக் கூடமும் பிசகும்.

இரண்டு வருடத்துக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு ஒன்பது வாரம் இருக்கும்போது, அந்தக் கூடம் பிசகியது. கேக்குகள் ஒவ்வொன்றாகக் குழிய ஆரம்பித்தன. உடைக்கும் அறையில் பத்து முட்டைக்கு இரண்டு மூன்று மஞ்சள் கையிலேயே கிழிந்து வெள்ளையில் கலந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ராஜேஷ்குமார் கையில் ஒரு தாளோடு வந்தார். அவர் தொழிற்சாலையின் தர அதிகாரி. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

“அண்ணா, உங்க பண்ணையில பழைய முட்டைய அனுப்புறாங்க. மஞ்சள் கரு தொட்டாலே உடையுது. இன்னொரு தடவை இப்படி வந்தா முதலாளி மேடம் வேற பண்ணைக்குப் போயிடுவாங்க.”

“சார், நேத்து இட்ட முட்டை இது. தட்டுல தேதி போட்டிருக்கு, பாருங்க.”

“தேதிய யாரு வேணும்னாலும் போடலாம்ணா.”

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாக லோரி ஓட்டுகிறேன். பொய்த் தேதி போட்ட சரக்கை ஒரு நாளும் ஏற்றியதில்லை.

உள்ளேயிருந்து மலர் வந்தார். கையுறையைக் கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் முட்டை வைத்திருந்தார். என் லோரியின் மேல் தட்டிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்தார். இரண்டையும் ஒரு எவர்சில்வர் மூடியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உடைத்து ஊற்றினார்.

என் லோரி முட்டையின் மஞ்சள் குன்று போல் எழுந்து நின்றது. அதைச் சுற்றி வெள்ளை கெட்டியாகத் திரண்டிருந்தது. மலர் கொண்டுவந்த முட்டை மூடி முழுவதும் தண்ணீராக ஓடியது. மஞ்சள் தட்டையாகப் படுத்துவிட்டது.

“இந்த ரெண்டாவது முட்டை யாரோடது தெரியுமா சார்?” என்று மலர் கேட்டார். “இதுவும் அண்ணனோட முட்டைதான். அஞ்சு நாளுக்கு முன்னால இறக்கினது. அவரு கொடுக்கும்போது நல்லா இருக்கு. நம்மகிட்ட வந்த பிறகுதான் கெடுது.”

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் லோகன் அங்கேதான் நின்றிருந்தார். முகம் சிவந்துவிட்டது.

“அப்ப என் மேல தப்புன்னு சொல்றியா? நீ முட்டை உடைக்கிறவ. உடைக்கிற வேலையப் பாரு லா.”

“உங்க மேல சொல்லல லோகன். இடத்து மேல சொல்றேன்.”

அந்த இடம் எனக்கும் தெரியும். அதற்கு ஒரு மாதத்துக்கு முன் புதிய உறைபனி அறை ஒன்று கட்டினார்கள். அதற்கு இடம் வேண்டும் என்று முட்டைத் தட்டுகளைப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். மேற்குச் சுவரில் மதிய வெயில் நேராக அடிக்கும். உறைபனி அறையின் இயந்திரம் தன் சூட்டையெல்லாம் அந்தப் பக்கம்தான் ஊதும். அங்கே தட்டு அடுக்கும்போதெல்லாம் என் சட்டை நனைந்துவிடும். முட்டைக்கும் அங்கே புழுங்கும் என்று ஒரு தடவையும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ராஜேஷ்குமார் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரக்கணக்குல இருக்கு அக்கா. உள்ள இருக்கிற வாயு அது வழியா வெளிய போகப் போக வெள்ளை தண்ணியாகும். சூடு கூடினா சீக்கிரம் போயிடும். நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ரெண்டு முட்டைய வச்சு மேடம்கிட்ட பேச முடியாது. எனக்கு நம்பர் வேணும்.”

“வாயு எல்லாம் எனக்குத் தெரியாது சார். நிக்குமா வழியுமான்னு கை சொல்லும். நம்பர்தான வேணும்? எத்தனை நாள் கொடுப்பீங்க?”

“பத்து நாள்.”

“போதும்.”

அடுத்த நடையில் ஒரே கொட்டகையில் ஒரே காலையில் இட்ட முட்டையாக மூன்று தட்டு கொண்டுவரும்படி மலர் என்னிடம் சொன்னார். அதோடு இன்னொன்றும் கேட்டார்.

“வழியில எங்க நிறுத்துறீங்கண்ணே?”

நான் திகைத்தேன். கிள்ளானில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்துவேன். முக்கால் மணி நேரம் ஆகும். நிழல் கிடையாது. லோரி தார்ப்பாயை மூடிக்கொண்டு வெயிலில் நிற்கும். மறைக்காமல் சொன்னேன்.

“அப்ப உங்க பங்கும் கொஞ்சம் இருக்கு” என்று சிரித்தார். மற்றவர்கள் முன்னால் அதைச் சொல்லாமல் என்னிடம் தனியாகச் சொன்னதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. அன்றிலிருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் முட்டை ஏற்றுகிறேன்.

மூன்று தட்டு முட்டைகளிலும் மலர் பென்சிலால் குறி போட்டார். ஒரு தட்டு தகர அறையில், சுவர் ஓரம். இன்னொன்று உடைக்கும் அறையின் மூலையில், மின்விசிறி ஓடும் இடத்தில். மூன்றாவது வெண்ணெயும் கிரீமும் வைக்கும் குளிர் அறையில். அந்த மூன்றாவதற்கு லோகன் இடம் தர மாட்டேன் என்றார். ராஜேஷ்குமார் சொன்ன பிறகு முணுமுணுத்துக்கொண்டே ஒரு மூலையைக் காட்டினார்.

அளக்கக் கருவி இல்லை. கேன்டீன் சன்னலில் கழன்று கிடந்த நீளக் கண்ணாடி ஒன்றை மலர் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். மட்டமாக இருக்கிறதா என்று மேலே தண்ணீர் விட்டுப் பார்த்தார். பிறகு, இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சி ஒன்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு தட்டிலிருந்தும் இரண்டு முட்டை எடுத்துக் கண்ணாடி மேல் உடைப்பார். மஞ்சளை ஒட்டிய கெட்டி வெள்ளையில் குச்சியை நேராக நிறுத்தி எடுத்து, நனைந்த உயரத்தைப் பள்ளிக்கூட அடிக்கோலில் வைத்துப் பார்ப்பார். நோட்டில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

முதல் நாள் மூன்று தட்டும் எட்டு மில்லிமீட்டர். மூன்றாம் நாள் குளிர் அறை முட்டை ஏழரையில் நின்றது. மின்விசிறி மூலை ஐந்தரைக்கு வந்தது. தகர அறை நாலு. ஏழாம் நாள் தகர அறை முட்டையில் அளக்கக் கெட்டி வெள்ளையே மிச்சமில்லை. மஞ்சள் கண்ணாடியைத் தொட்டதும் கிழிந்தது. குளிர் அறை முட்டை இன்னும் ஏழுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஐந்தாம் நாளே லோகன் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஆறாம் நாள் எங்கிருந்தோ ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து தகர அறைச் சுவரில் அவரே மாட்டினார். மதியம் மூன்று மணிக்கு அது முப்பத்தொன்பது காட்டியது. “அடேயப்பா, நான் அரிசிய கூட அங்க வைக்க மாட்டேன்” என்றார். அதற்குப் பிறகு மலரை உடைக்கிறவள் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பத்தாம் நாள் ராஜேஷ்குமார் தலைநகரிலிருந்து ஒரு கருவி இரவல் வாங்கி வந்தார். மூன்று கால், நடுவில் திருகி இறக்கும் ஊசி. முட்டை வெள்ளையின் உயரத்தை அளப்பதற்கென்றே செய்தது. மலரின் குச்சியையும் அதையும் ஒரே முட்டையில் வைத்துப் பார்த்தார்கள். கருவி ஆறு புள்ளி எட்டு என்றது. மலர் நோட்டில் ஏழு என்று எழுதியிருந்தார். ராஜேஷ்குமார் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினார். “அக்கா, உங்க நோட்டையே மேடம்கிட்ட காட்டலாம்.”

மேடம் லிம்தான் முதலாளி. நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மூன்று இடத்து முட்டைகளையும் கண்ணாடி மேல் உடைக்கச் சொல்லிப் பார்த்தார். இனி முட்டை வேண்டாம் என்று என் பண்ணைக்கு அனுப்ப இருந்த கடிதத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். எல்லா முட்டையையும் நாளையிலிருந்து குளிர் அறைக்கு மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

“மேடம், அந்த ரூம்ல வேற சாமானும் இருக்கு...” என்று மலர் மலாயில் ஆரம்பித்தார். மேடமின் கைப்பேசி அடித்தது. அவர் போய்விட்டார். எல்லோரும் மலருக்குக் கை கொடுத்தார்கள். நானும்தான். அவர் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை.

முதல் ஐந்து நாள் கேக்கெல்லாம் உப்பி நின்றன. ஆறாம் நாள் பூச்சோங்கிலிருந்து ஒரு கடை முப்பது கேக்கைத் திருப்பி அனுப்பியது. வெனிலா கேக்கில் டுரியான் பழ வாசம் வருகிறதாம். குளிர் அறையில் முட்டைக்குப் பக்கத்தில்தான் டுரியான் கிரீம் வாளிகள் இருந்தன. ஓட்டில் உள்ள துளை வழியாக வாயு வெளியே போகும் என்றால் வாசம் உள்ளே வரவும் செய்யும்.

இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. நாலு டிகிரி குளிரிலிருந்து முட்டையை வெளியே கொண்டுவந்ததும் ஓட்டின் மேல் நீர் முத்து முத்தாகப் பூத்தது. அட்டைத் தட்டுகள் ஈரத்தில் ஊறி அடியில் உடைந்தன. மிச்சமான தட்டுகளை மறுபடி உள்ளே வைத்தால் இரண்டு நாளில் பூஞ்சை வாடை.

ராஜேஷ்குமார் உடைக்கும் அறைக்கு வந்தார். நான் அப்போது வெற்றுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் வாடியிருந்தது.

“அக்கா, அன்னைக்கு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க.”

“இதத்தான் சார் சொல்ல வந்தேன். முட்டைக்குத் தனி ரூம் வேணும். கூட ஒரு சாமானும் இருக்கக் கூடாது. சூடும் ஆகாது, வேர்க்கிற அளவுக்குக் குளிரும் ஆகாது. ரூம்லருந்து எடுத்தா நேரா என் மேசைக்கு வரணும். நடுவுல வெளிக்காத்து படக் கூடாது.”

“எத்தனை டிகிரி?”

“அது தெரியல. வச்சுப் பார்த்தாதான் தெரியும்.”

அவர் அதைத் தயங்காமல் சொன்னார். ராஜேஷ்குமாரும் தயங்காமல் மேடமிடம் போய், அன்று அக்காவைப் பேசவிடாதது நம் தப்பு என்று சொன்னார். படித்தவர் ஒருவர் அப்படிச் சொல்வதற்கும் மனது வேண்டும்.

உடைக்கும் அறையை ஒட்டி அட்டைப்பெட்டி போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. சன்னல் இல்லாதது. அதைக் காலி செய்து, சுவருக்கு நுரைப்பலகை அடித்து, குளிர்சாதனம் பொருத்தினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு வைத்தார்கள். உடைக்கும் அறைக்கும் அப்போதே குளிர்சாதனம் வைத்தார்கள். பிறகு மலர் வேலையைத் தொடங்கினார்.

இருபதில் வைத்து ஆரம்பித்தார். தினமும் ஒரு டிகிரி குறைப்பார். ஒரு தட்டை எடுத்து வந்து மேசையில் கால் மணி நேரம் வைப்பார். கையுறையைக் கழற்றிவிட்டு ஓட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பார். பதினேழில் காய்ந்திருந்தது. பதினாறிலும் காய்ந்திருந்தது. பதினைந்தில் விரல் லேசாக வழுக்கியது. பதினாலில் ஓடு முழுக்க ஈரம். மறுபடி பதினாறுக்கு ஏற்றினார். அந்த அளவில் முட்டை எத்தனை நாள் தாங்கும் என்று கண்ணாடியையும் குச்சியையும் எடுத்து இன்னொரு தடவை பத்து நாள் அளந்தார். ஏழாம் நாளிலும் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. “ஏழு நாளுக்கு மேல இந்த ரூம்ல முட்டை இருக்கக் கூடாது” என்று சட்டம் போட்டார். பழையது பின்னால் தங்கிவிடாமல் இருக்க நாளுக்கு ஒரு நிறத்தில் சீட்டு ஒட்டும் யோசனை லோகனுடையது. அதை யாரிடம் பேசினாலும் லோகன் பெயரோடுதான் மலர் சொல்வார்.

பெருநாளுக்குப் பதினோரு நாள் இருந்தது. அந்தப் பதினோரு நாளில் அந்தக் கூடத்தில் குழிந்த கேக்கை விரல் விட்டு எண்ணிவிடலாம். கூடுதலாக நாலு பேர் ஒப்பந்தத்தில் வந்து உடைத்தார்கள். அவர்கள் கையிலும் மஞ்சள் உடையவில்லை. அதைப் பார்த்து மலர் என்னிடம், “பார்த்தீங்களாண்ணே? முட்டை நல்லா இருந்தா புதுக் கைகூட பழைய கை மாதிரி ஆயிடுது” என்றார். தன் இத்தனை வருடத் திறமைக்கு அதனால் மவுசு குறைந்ததாக அவர் நினைக்கவில்லை. இன்னும் நிமிர்ந்துதான் நின்றார்.

மேடம் அந்த அறையின் கதவில் ஒரு பலகை மாட்டச் சொன்னார். பொறுப்பாளர் பெயர் எழுத வேண்டும். வெறும் மலர் என்று அச்சடித்து வந்தது. மலர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“முழுசா போடுங்க மேடம். மலர்விழி நாகையா. அப்பா பேரோட.”

புதிய பலகை வந்த அன்று அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். எடுத்தது நான்தான். மூன்று தடவை எடுக்க வைத்தார். முதல் இரண்டிலும் ‘நாகையா’வின் கடைசி எழுத்தை அவர் தோள் மறைத்துவிட்டது. படம் தீவுக்குப் போனது. நாகையா அதைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொல்லிப் பேத்தியைக் கிள்ளானுக்கு அனுப்பினாராம்.

போன வருடம் ஒரு பேரங்காடி நிறுவனம் இந்தக் கேக்குகளைத் தன் எல்லாக் கிளைகளிலும் விற்கலாமா என்று பார்க்க ஆள் அனுப்பியது. வந்த ஆய்வாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. சிரிக்கவே மாட்டார். நான் சரக்கு இறக்கும் நாள் அது. கதவு திறந்திருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது. முட்டை அறையில் வெப்பமானியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“பதினாறு. இதை யார் முடிவு செய்தது?” என்று மலாயில் கேட்டார்.

ராஜேஷ்குமார் மலரைப் பார்த்தார்.

“நான்தான்” என்றார் மலர். அவரும் மலாயில்தான்.

“ஏன் நாலு டிகிரி வைக்கவில்லை? இன்னும் அதிக நாள் இருக்குமே?”

மலர் குளிர் அறையிலிருந்து ஒரு முட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தன் அறையிலிருந்து ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். எல்லோரும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் முதல் முட்டை மேல் பனி படர்ந்தது. பிறகு சொட்டு சேர்ந்து மேசையில் இறங்கியது. இரண்டாவது காய்ந்தே இருந்தது.

“நீங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா ஒண்ணு ரெண்டு எடுப்பீங்க, உடனே சமைப்பீங்க. நான் ஒரு நாளைக்கு நூறு தட்டு எடுக்கிறேன். நூறு தட்டும் நனைஞ்சா அழுக்கு ஓட்டு வழியா உள்ள போகும். எனக்கு ஒரு மாசம் இருக்க வேணாம். ஏழு நாள் நல்லா இருந்தா போதும்” என்று சொல்லி, அதுவரை எழுதிய நோட்டுகளை அவர் முன்னால் அடுக்கினார்.

ஆய்வாளர் உட்கார்ந்துவிட்டார். நோட்டைப் புரட்டினார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, அந்த இரண்டு முட்டைகளையும் படம் எடுத்துக்கொண்டு, மலரின் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டார். அறிக்கை வந்தபோது அதில் அந்தப் பெயர் இருந்தது. மேடம் லிம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுவதற்காகக் கூடத்தில் எல்லா இயந்திரத்தையும் ஐந்து நிமிடம் நிறுத்தினார். தான் வேலைக்கு வந்த நாளிலிருந்து மின்சாரம் போகாமல் இயந்திரம் நின்றது அன்றுதான் என்றார் மலர்.

இப்போது மற்றவர்களும் அவரைக் கூப்பிடுகிறார்கள். போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் வாணி என்ற பெண்மணி நடத்தும் கேக் கடைக்கு நான் முட்டை கொண்டுபோனேன். மஞ்சள் உடைகிறது, உங்கள் முட்டை சரியில்லை என்று அவர் குறை சொன்னார். முன்பு என்றால் தலையைக் குனிந்திருப்பேன். “அக்கா, ஞாயித்துக்கிழமை ஒருத்தரக் கூட்டிட்டு வரேன்” என்றேன்.

மலர் ரயிலில் வர மாட்டேன், அண்ணன் லோரியிலேயே வருகிறேன் என்றார். ஊதா நிறப் பஞ்சாபி உடை, புதுச் செருப்பு, கைப்பையில் சத்தே குச்சிகள். கடைக்குள் நுழைந்து சுற்றும் முற்றும் பார்த்தார். அடுப்புக்கு மேலே, கைக்கு எட்டட்டும் என்று வைத்திருந்த பலகையில், எட்டுத் தட்டு முட்டை அடுக்கியிருந்தது.

“ஒரு கண்ணாடித் துண்டு கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டு, மலர் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டார்.